72 குடம் எங்கே போச்சு?

நூறு குடம் தண்ணீரை ஆற்றிலிருந்து எடுத்து, வடிகட்டி, குளோரின் போட்டு, பம்ப் வெச்சு ஊருக்குள்ள அனுப்புறீங்க. அதுல 28 குடத்துக்குத்தான் பில் போட முடியுது. மீதி 72 குடம் எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அந்த 28 குடத்துக்குப் போட்ட பில்லிலும் பாதிக்கு மேல காசு வரலை. எங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் வெஞ்சுரிமீட்டர் கணக்கு அஞ்சு சதவீதம் தள்ளிப்போனாலே ரெக்கார்டு நோட்டு பறந்து வந்து டேபிள்ல விழும். இங்கே ஒரு தலைநகரமே 72 சதவீதம் தள்ளிப்போயிருக்கு!

ஊர், கம்போடியாவின் புனோம் பென். வருஷம், 1993.

அதே ஊர், 2008. கணக்கில் வராத தண்ணீர் சுமார் 6 சதவீதம். குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர். அந்தக் காலகட்டத்தில் லண்டன் மாநகரமே சுமார் கால்வாசித் தண்ணீரைக் கசியவிட்டுக்கிட்டு இருந்தது என்றால், இந்த 6 எவ்வளவு பெரிய விஷயம்னு பார்த்துக்கங்க.

நடுவில் என்ன நடந்தது? ஏதோ ஃபாரின் டெக்னாலஜி வந்து மாயம் பண்ணிடுச்சுன்னு நினைச்சா, அதுதான் இல்லை. புதுக் குழாய் வந்தது, பம்ப் வந்தது, உண்மை. ஆனால், எல்லாத்துக்கும் முன்னாடி அவங்க கையில எடுத்தது ஒரு நோட்டும் பேனாவும்.

வாக்குறுதி நம்பர் ஒன், டூ, த்ரீ...

புனோம் பென்னுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். தண்ணீர் விஷயத்தில் உலக நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து கொடுத்த வாக்குறுதிகளை வரிசையாகப் படிச்சா, அரியர் பேப்பர் ஞாபகம்தான் வருது.

1977-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் ஐ.நா.வின் தண்ணீர் மாநாடு. அதன் தொடர்ச்சியாக 1981 முதல் 1990 வரை 'குடிநீர் மற்றும் சுகாதாரப் பத்தாண்டு' என்று அறிவிச்சாங்க. 1990-க்குள் உலகத்தில் எல்லாருக்கும் நல்ல தண்ணீர் என்பது டார்கெட். 1990 வந்தது, போனது. எல்லாருக்கும் வரலை.

2000-ல் மில்லினியம் இலக்குகள். இந்த முறை கொஞ்சம் உஷார். 'எல்லாருக்கும்' என்று சொல்லாமல், நல்ல தண்ணீர் கிடைக்காதவர்களின் விகிதத்தை 2015-க்குள் பாதியாகக் குறைப்போம் என்றார்கள். 2010-லேயே பாஸாகிவிட்டோம் என்று 2012-ல் அறிவிப்பும் வந்தது. கைதட்டறதுக்கு முன்னாடி, பேப்பர் திருத்தின விதத்தையும் பார்க்கணும். தண்ணீர் எந்த மாதிரி இடத்திலிருந்து வருது என்பதுதான் கேள்வி. குழாய், போர்வெல், மூடிய கிணறு என்றால் டிக். அந்தக் குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருது, அதில் கிருமி இருக்கா என்பதெல்லாம் கேள்வித்தாளிலேயே இல்லை!

2010-ல் தண்ணீர் ஒரு மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 122 நாடுகள், எதிர்ப்பு பூஜ்யம், ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவை 41. 2015-ல் நீடித்த வளர்ச்சி இலக்குகள் வந்தன. அதில் ஆறாவது இலக்கு தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும். 2030-க்குள் எல்லாருக்கும்! மறுபடியும் 'எல்லாரும்'. ஆனால், இந்த முறை கேள்வித்தாள் கொஞ்சம் கஷ்டம். தண்ணீர் வீட்டு வளாகத்துக்குள்ளேயே கிடைக்கணும், தேவைப்படும்போது கிடைக்கணும், சுத்தமா இருக்கணும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் ஃபெயில். இந்தக் கணக்குப்படி, 2024 நிலவரத்தில் உலகம் முழுக்க சுமார் 210 கோடிப் பேருக்கு அப்படிப்பட்ட தண்ணீர் இல்லை. நாலு பேருக்கு ஒருத்தர்.

2023 மார்ச்சில் நியூயார்க்கில் மறுபடி ஒரு தண்ணீர் மாநாடு. 1977-க்குப் பிறகு 46 வருஷம் கழிச்சு ஐ.நா. நடத்திய இரண்டாவது மாநாடு. நாடுகளும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளுமாகச் சேர்ந்து சுமார் 700 வாக்குறுதிகள் கொடுத்தாங்க. எல்லாமே அவங்களா விருப்பப்பட்டுக் கொடுத்தது. செய்யலைன்னா ஏன்னு கேட்க ஆள் கிடையாது.

தலைவர்கள் கையெழுத்துப் போடுற மேஜைக்கும் நம்ம வீட்டுக் குழாய்க்கும் நடுவில் ஓர் இடம் இருக்கு. ஊர்த் தண்ணீர் ஆபீஸ். பில் போடறவர், வால்வு திறக்கறவர், கனெக்‌ஷன் விண்ணப்பத்தை வாங்கி ட்ராயரில் வைக்கிறவர் எல்லாரும் அங்கேதான் இருக்காங்க. வாக்குறுதி நிறைவேறுவதும் ஆவியாகிப் போவதும் அந்த ஆபீஸில்தான். அதனால்தான் நியூயார்க்கை விட்டுட்டு புனோம் பென் போறோம்.

பேய் வீடுகளும் திருட்டு வீடுகளும்

1975 ஏப்ரலில் க்மேர் ரூஜ் படைகள் புனோம் பென்னைப் பிடிச்சதும், நகரத்தில் இருந்த மொத்த ஜனங்களையும் கிராமங்களுக்கு விரட்டினாங்க. படிச்சவங்க, இன்ஜினீயர்கள் பலர் கொல்லப்பட்டாங்க. 1979-ல் ஜனங்கள் திரும்பி வந்தபோது தண்ணீர் ஆபீஸில் அனுபவசாலிகள் இல்லை. எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில் போகுது என்ற வரைபடமும் இல்லை.

1993-ல் அந்த ஆபீஸுக்குத் தலைவராக வந்தவர் ஏக் சோன் சான். படிச்சது எலெக்ட்ரிகல். க்மேர் ரூஜ் ஆட்சியில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர். அவர் வந்தபோது ஒரு நாளைக்கு 10 மணி நேரம்தான் சப்ளை. நகரத்தில் கால்வாசிப் பேருக்குத்தான் இணைப்பு. இருந்த சுமார் 27,000 இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. அளக்காமல் எப்படி பில்? குத்துமதிப்புதான்!

இப்போ நோட்டும் பேனாவும். ஊழியர்களை வீடு வீடா, தெருத் தெருவா அனுப்பிக் கணக்கெடுத்தாங்க. வந்த ரிசல்ட் ஒரு த்ரில்லர் படத்துக்குச் சமம். பதிவேட்டில் பேர் இருக்கும், மாசாமாசம் பில் போகும், ஆனால் அந்த முகவரியில் இணைப்பே இருக்காது. பேய் வாடிக்கையாளர்கள்! இன்னொரு பக்கம், ஜோராகத் தண்ணீர் பிடிக்கிற வீடு, ஆனால் பதிவேட்டில் பேரே இல்லை. ரெண்டு வகையும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

காணாமல் போன 72 குடத்தில் பெரிய பங்கு எங்கே போச்சுன்னு இப்போ புரியுதா? துருப்பிடிச்ச குழாய் ஓட்டை ஒரு காரணம்தான். இன்னொரு ஓட்டை ஆபீஸுக்குள்ளேயே இருந்தது. ஊழியர்களே காசு வாங்கிக்கிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருட்டு இணைப்பு கொடுத்தாங்க. அவங்களையும் முழுக்கத் திட்ட முடியாது. அப்போ அவங்களுக்குக் கிடைச்ச சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது.

துப்பாக்கி முனையில் ஒரு மீட்டர்

ஏக் சோன் சான் செஞ்ச வேலைகளைச் சொன்னா, 'அட, இவ்வளவுதானா' என்று தோணும். எல்லா இணைப்புக்கும் மீட்டர். திருட்டு இணைப்பைக் காட்டிக்கொடுக்கிற பொதுமக்களுக்குப் பரிசு. பிடிபட்டவருக்கு அபராதம். அதில் ஊழியருக்குப் பங்கிருந்தால் வேலை காலி. அதே நேரத்தில், ஒழுங்கா வேலை செய்யறவங்களுக்குச் சம்பள உயர்வும் போனஸும். சீனியாரிட்டி பார்க்காமல், வேலை தெரிஞ்ச இளைஞர்களை முக்கியப் பொறுப்புகளில் உட்கார வெச்சார். (நம்ம ஆளுங்க நோட் பண்ணிக்கங்கப்பா!)

செய்யறதுதான் கஷ்டம். ஏன்னா, காசு கட்டாத லிஸ்ட்டில் முதல் வரிசையில் இருந்தவங்க ஏழைகள் இல்லை. பெரிய மனிதர்கள், ராணுவ அதிகாரிகள், அரசு அலுவலகங்கள். ஒரு ராணுவ ஜெனரல் வீட்டில் மீட்டர் மாட்டப் போனபோது நடந்ததை ஏக் சோன் சானே பேட்டிகளில் சொல்லியிருக்கார். ஊழியர்களை உள்ளே விடலை. இவர் நேரில் போனார். ஜெனரல் துப்பாக்கியை எடுத்து இவரைக் குறி வெச்சார். இவர் திரும்பி வந்து, ஆயுதம் தாங்கிய காவலர்களைக் கூட்டிக்கிட்டு மறுபடியும் போய் அந்த வீட்டு இணைப்பைத் துண்டிச்சார். ஜெனரல் தண்ணீர் இல்லாமல் தவிச்சு, கடைசியில் தண்ணீர் ஆபீஸ் படியேறி வந்தாராம்.

படத்தில் வந்தால் விசில் பறக்கும் சீன். ஆனால், ஒரு ஆள் துப்பாக்கிக்கு அஞ்சாமல் நிற்பதால் மட்டும் 15 வருஷம் ஒரு ஆபீஸ் ஓடாது. எனக்கு இந்தக் கதையில் அதைவிட முக்கியமாப் படுறது 1996 டிசம்பரில் நடந்த ஒரு சத்தமில்லாத விஷயம். அரசு ஒரு ஆணை போட்டு, தண்ணீர் ஆபீஸைத் தன்னாட்சி பெற்ற பொதுத்துறை நிறுவனமாக மாத்தினது. அதுவரைக்கும் வசூலாகிற பணம் அரசுக் கஜானாவுக்குப் போகும். ஒரு பம்ப் ரிப்பேருக்குக்கூட மேலிடத்தில் கையேந்தணும். ஆணை வந்ததும், வசூலித்த பணத்தை அவங்களே செலவு பண்ணலாம், சம்பளத்தை அவங்களே முடிவு பண்ணலாம், வேலைக்கு ஆளையும் அவங்களே எடுக்கலாம். அதாவது, ஒழுங்கா வசூல் பண்ணினா அதன் பலன் அவங்களுக்கே. திருட ஒத்துழைச்சா நஷ்டமும் அவங்களுக்கே. சிம்பிள்!

ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தாங்க. அந்தக் காசு இல்லாமல் புதுக் குழாய் போட்டிருக்க முடியாது. இதையும் சொல்லியாகணும். ஆனால், வெளிநாட்டுக் காசு வாங்கின ஊர் உலகத்தில் எத்தனையோ இருக்கு. எல்லா ஊரிலும் 72, ஆறாகிடலையே!

ஏழைக்கு இலவசம் நல்லதா?

ஹாஸ்டலில் இந்த மேட்டரைப் பேசினாலே சண்டை வர்ற இடம் இது. 'தண்ணிக்கு மீட்டரா? ஏழைங்க என்ன பண்ணுவாங்க?' நியாயமான கேள்வி.

1993-க்கு முன்னால் புனோம் பென்னின் ஏழைகளுக்குத் தண்ணீர் மலிவாகக் கிடைச்சதா என்றால், இல்லை. மெயின் குழாய்க்குப் பக்கத்தில் வீடு இருந்தவங்க தரைக்கடியில் தொட்டி கட்டி, வர்ற தண்ணீரை எல்லாம் அதில் இழுத்து, குழாய் எட்டாத குடிசைகளுக்கு வித்தாங்க. அரசு விலையைப் போல் பல மடங்கு! குறைஞ்ச விலைத் தண்ணீரின் லாபம் பணக்காரனுக்கு, டேங்கர் விலைத் தண்ணீர் ஏழைக்கு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

மீட்டர் வந்தப்புறம் கட்டணத்தைப் படிப்படியா அமைச்சாங்க. 2001 கட்டணப்படி, வீடுகளுக்கு மாதம் முதல் 7 கன மீட்டர் வரை, அதாவது 7,000 லிட்டர் வரை, ஒரு கன மீட்டருக்கு 550 ரியல். அமெரிக்கக் காசில் சுமார் 14 சென்ட். அதிகம் பிடிச்சா அதிக விலை. ஏழைகளுக்கு உண்மையான சுவர் மாதக் கட்டணம் இல்லை, முதன்முதலா இணைப்பு வாங்கக் கட்ட வேண்டிய மொத்தப் பணம். அதைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். வீட்டின் வறுமையைப் பார்த்து இணைப்புக் கட்டணத்தில் 30 சதவீதம், 50, 70, சிலருக்கு முழுசாகவே 100 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாங்க.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ட்விஸ்ட் ஒண்ணு. கட்டணத்தை மூன்று கட்டமாக உயர்த்தறதா இருந்தது. ரெண்டு கட்டம் உயர்த்தினாங்க. மூணாவதுக்குத் தேவையே வரலை! கசிவு குறைஞ்சு, வசூல் கிட்டத்தட்ட 100 சதவீதம் ஆனதும், பழைய விலையிலேயே செலவுக்கு மேல வருமானம் வந்துடுச்சு. 'விலையை ஏத்தினால்தான் சர்வீஸ்' என்று சொல்றவங்களுக்கும், 'காசே வாங்கக்கூடாது' என்று சொல்றவங்களுக்கும் இந்த ஒரு தகவலை ஃபார்வர்ட் பண்ணலாம்.

2009-ல் இணைப்புகள் 1 லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டின. நகரத்தில் சுமார் 90 சதவீதம் பேருக்குக் குழாய்த் தண்ணீர். ஆயிரம் இணைப்புக்கு 22 ஊழியர்கள் இருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவு. ஏக் சோன் சானுக்கு 2006-ல் மகசேசே விருது. 2010-ல் அந்த ஆபீஸுக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை தண்ணீர் விருது. 2012 ஏப்ரலில் கம்போடியப் பங்குச்சந்தையில் வர்த்தகம் தொடங்கியபோது அதில் பட்டியலான முதல் நிறுவனமே இந்தத் தண்ணீர் ஆபீஸ்தான்!

சுபம் போட்டுடலாமா?

போட முடியாது. கம்போடியா அப்போதும் இப்போதும் ஊழலில் பேர் வாங்கின நாடு. ஹுன் சென் 1985 முதல் 2023 வரை பிரதமராக இருந்தவர்; எதிர்க்கட்சி, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் அங்கே என்ன பாடுபட்டன என்பது தனிக்கதை. தண்ணீர் ஆபீஸுக்கு அவர் ஆதரவு இருந்தது, அதனால் ஜெனரலை எதிர்க்க முடிஞ்சது. ஆதரவு இல்லாத ஆபீஸுக்கு என்ன நடந்திருக்கும்?

அதைவிட முக்கியமான இடறல், சாக்கடை. குடிநீரில் உலக விருது வாங்கின அதே நகரத்தின் கழிவுநீர், நெடுங்காலமாகப் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமல் ஊருக்குத் தெற்கே உள்ள ஈரநிலங்களில் போய்ச் சேர்ந்தது. அந்த ஈரநிலங்களையும் மண் கொட்டி நிரப்பிக் கட்டடம் கட்ட ஆரம்பிச்சாங்க. காரணம், கழிவுநீர் இந்த ஆபீஸின் பொறுப்பில் இல்லை. அந்தப் பக்கம் மீட்டர் இல்லை, பதிவேடு இல்லை, துப்பாக்கிக்கு எதிரே நிற்க ஆளும் இல்லை. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே அரசு. குழாயின் உள்ளே வர்ற தண்ணீருக்கு ஒரு நிர்வாகம், வெளியே போறதுக்கு வேறு! ஐ.நா.வின் ஆறாவது இலக்கில் ரெண்டும் ஒண்ணாத்தான் எழுதியிருக்கு.

நகரமும் சும்மா இருக்கலை. புறநகர் வீங்கிக்கிட்டே போனதில் ஓரத்துப் பகுதிகளில் பிரஷர் குறைஞ்சு, ஜனங்கள் புகார் பண்ண ஆரம்பிச்சாங்க. பக்கேங் என்ற இடத்தில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் 2023-ல் திறந்தாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 15-ல் ஜல் ஜீவன் திட்டம் அறிவிச்சப்போ நாட்டில் சுமார் 3.23 கோடி கிராமத்து வீடுகளில்தான் குழாய் இருந்தது. 2025-ல் அது 15 கோடியைத் தாண்டிடுச்சு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது வாக்குறுதி. 2024-ல் முடிய வேண்டிய திட்டத்தை 2025 பட்ஜெட்டில் 2028 வரை நீட்டிச்சாங்க. அந்த பட்ஜெட் உரையிலேயே இனி கட்டமைப்பின் தரத்திலும், போட்டதைப் பராமரிக்கிறதிலும் கவனம் என்று சொல்லியிருந்தாங்க. குழாய் போட்ட எண்ணிக்கை ஒரு கணக்கு. அந்தக் குழாயில் எட்டு வருஷம் கழிச்சும் தண்ணீர் வருதாங்கறது இன்னொரு கணக்கு. மோட்டார் எரிஞ்சு போனா யார் காசில், எத்தனை நாளில் ரிப்பேர் பண்ணணும் என்ற ஒரு கேள்வியை உங்க ஊர் கிராமசபையில் கேட்டுப் பாருங்க. பதில் உடனே வந்தா, அந்த ஊர் பொழைச்சுக்கும்.

ராத்திரி ரெண்டு மணி டெக்னிக்

சிவில் மக்களுக்காக ஒரு எக்ஸ்ட்ரா பிட்டு. கசிவைப் பிடிக்க புனோம் பென்னில் குழாய் வலையைத் தனித்தனி வட்டாரங்களாகப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் உள்ளே போற தண்ணீரை அளந்தாங்க. ஜப்பானின் கிட்டாக்யூஷு நகரத் தண்ணீர்த் துறை இதைச் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு டீமின் பொறுப்பு. கசிவு இலக்குக்குக் கீழே போனா டீமுக்கு போனஸ்.

கசிவைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி. ஊரே தூங்குது, யாரும் குழாயைத் திறக்கலை. ஆனாலும் மீட்டர் ஓடுதுன்னா? அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்ளே போய்க்கிட்டிருக்கு. அப்புறம் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வு மேலயும் மறுமுனையைக் காதிலும் வெச்சு, தெருத் தெருவா சத்தம் கேட்டுக்கிட்டே போகணும். தண்ணீர் கசியுற இடத்தில் 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும்.

இதை உங்க ஹாஸ்டலில் ஓசியிலேயே பண்ணலாம். மொட்டை மாடி டேங்கில் ராத்திரி 12 மணிக்கு மோட்டாரை நிறுத்திட்டு நீர்மட்டத்தை ஒரு ஸ்கேலால் அளந்துக்கங்க. காலையில் 4 மணிக்கு மறுபடி அளங்க. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள டேங்கில் 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தா 200 லிட்டர் காலி. இதே வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். அந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி, தேதி போட்டு, வார்டன் கையில் கொடுங்க.

ஒரே ஒரு கண்டிஷன். இதை செமஸ்டர் லீவ் நேரத்தில் பண்ணுங்க. மத்த நாளில் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஹாஸ்டல் தூங்குது?